வண்டி நிற்கும் முற்றம்

ஸ்ரீவில்லிபுத்தூரின் கிழக்குப் புறத்தில், முன்னாளில் குளத்துப் பாசன வயலாக இருந்து பின்னர் மனைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு தெருவில், கைத்தறி நெசவாளரான ஓர் அங்கத்தினரின் வீடு இருக்கிறது. முன்னறையில் குழித்தறி, அதற்கு வெளியே பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட முற்றம். அவருடைய மகன் தவணைக் கடனில் ஒரு சிறு சரக்கு வண்டி எடுத்தான். நம் பக்கத்தில் அந்த வண்டிக்குக் 'குட்டி யானை' என்று பெயர். பகலில் சத்திரப்பட்டியிலிருந்து மருத்துவத் துணிக் கட்டுகளையும், சங்கத்திலிருந்து நூல் சிப்பங்களையும் ஏற்றி இறக்குவான். இரவில் வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கவேண்டும். மண் முற்றத்தில் மழைக்காலத்தில் சக்கரம் புதைந்தது. ஆகவே தந்தையார் ஒரு சங்கத்தில் வீட்டுச் சீரமைப்புக் கடன் பெற்றுச் சித்திரை மாதத்தில் சிமெண்டுத் தரை போட்டார். தரை கண்ணாடிபோல் இருந்தது. தெருவிலுள்ளோர் வந்து பார்த்து மெச்சிச் சென்றனர்.

ஐப்பசி மழை தொடங்கிப் பதினைந்து நாள் கழிந்தது. முற்றத்தின் நடுப்பாகம் இரண்டு விரற்கடை மேலெழும்பிற்று. சக்கரம் நிற்கும் இடம் அதே அளவு தாழ்ந்தது. வாசற்படியிலிருந்து தெருக்கதவு வரை ஒரு வெடிப்பு ஓடியது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தரை சாய்ந்த சாய்வில், தெருவிற்கு ஓடவேண்டிய மழைநீர் வீட்டை நோக்கித் திரும்பிற்று. ஓர் இரவு அது படியைத் தாண்டி உள்ளே புகுந்து, தறிக்குழியில் நிறைந்துவிட்டது. காலையில் மிதிகட்டைகள் நீருக்குள் கிடந்தன. பாவின் அடிப்பாகம் ஈரமேறித் தொய்ந்திருந்தது. பாதி நெய்த சேலை கறைபட்டது. குழியிலிருந்து நீரை இறைத்து, சுவரை உலரவைத்து, மறுபடி தறியில் உட்கார ஒன்பது நாளாயிற்று. நெசவாளர் குடும்பத்தில் ஒன்பது நாள் தறி நிற்பது எத்தகைய விஷயம் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கடனின் இரண்டாம் தவணையைக் கொடுக்குமுன் வேலையைப் பார்வையிட்டு, 'திருப்திகரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. அன்று நாம் செய்த சோதனை யாதெனில், செருப்புக் காலால் தரையை இருமுறை தட்டிப் பார்த்ததும், நீள அகலத்தை நாடாவால் அளந்ததுமே. மேலே தெரிந்ததை அளந்தோம். கீழே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

மழை ஓய்ந்தபின் அவரைப் பார்க்கச் சென்றபோது, அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் நமக்கு அதிக வருத்தமாக இருந்தது.

"ஐயா, சிமெண்டு குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் படித்தவர்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு மூலையை உடைத்துப் பார்க்கச் சம்மதமா?" என்றோம்.

"உடைந்ததை உடைக்கக் கேட்கவா வேண்டும்!" என்று கடப்பாரையை எடுத்துவந்தார்.

உடைத்துப் பார்த்ததில் சிமெண்டில் குறையில்லை. நான்கு அங்குலக் கான்கிரீட்டு, நன்றாகவே இறுகியிருந்தது. அதன்கீழே அரை அடி ஆற்று மணல். மணலுக்குள் குழாயடியில் தோண்டியதுபோல் நீர் ஊறி நின்றது. மணலுக்குக் கீழே கரிசல் மண் களிபோல் குழைந்துகிடந்தது. கொத்தனார் அரை அடி கரிசலை எடுத்துவிட்டு, நல்ல எண்ணத்தோடுதான் மணலை நிரப்பியிருக்கிறார். மணலில் தோஷமில்லை; அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தோஷம். கரிசல் நீரை எளிதில் கீழே விடாது. அதில் ஒரு குழி தோண்டி, நீர் தாராளமாகப் புகக்கூடிய மணலை நிரப்பினால், நாம் கட்டியது அடித்தளம் அன்று, தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியின் மேல் கான்கிரீட்டு மூடி போட்டு, மூடியின்மேல் குட்டி யானையை நிறுத்திவைத்திருந்தோம். சரக்கோடு சேர்த்து அவ்வண்டி ஒன்றரை டன் வரும்.

கரிசலின் குணத்தைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை விழுந்ததும் அந்த வெடிப்புக்கள் தாமே மூடிக்கொள்ளும். அதிலுள்ள களித்துகள்கள் மிக மெல்லிய ஏடுகளை அடுக்கினாற்போல் அமைந்தவை. நீர் அந்த ஏடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. நீர் வற்றினால் சுருங்குகிறது. பருத்திக்கு இந்தக் குணம் உபகாரம். ஏனெனில் மழை நின்ற பிறகும் நெடுநாள் ஈரத்தை வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். வீட்டிற்கும் தரைக்கும் அதே குணம் உபத்திரவம். முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடிவிட்டால், நடுவிலுள்ள மண்ணின் ஈரம் வெயிலில் ஆவியாக வழியில்லை. அங்கே மண் உப்பியே இருக்கும். ஓரத்திலுள்ள மண்ணோ வெயிலில் சுருங்கி இறங்கும், மழையில் எழும்பும். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தரை உடையாமல் என்ன செய்யும்? இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய மண்தான். ஆகவே இது ஒரு தெருவின் துன்பம் மட்டுமன்று.

நம் வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலை வழியில் பதினொரு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் மேற்கே மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும். கிழக்கே சாத்தூரை நோக்கிச் செல்லச்செல்லக் கரிசல். நடுவே கண்மாய்களின் கீழ் வண்டலும் களியும். ஒரு கொத்தனார் காலையில் செம்மண் மனையிலும் மாலையில் கரிசல் மனையிலும் வேலை செய்கிறார். செம்மண்ணில் ஐம்பது வீட்டிற்குப் பலித்த முறையைக் கரிசலிலும் கையாண்டால் பலிக்காது. 'என் மைத்துனர் வீட்டில் இப்படித்தான் போட்டார்கள், இருபது வருஷமாக ஆடவில்லை' என்ற பேச்சு அநேகக் கடன்களை வீணாக்கியிருக்கிறது. மைத்துனர் வீடு எந்த மண்ணில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி?

மண்ணைச் சோதித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் சேர்ந்துள்ள இச்சோதனையை எஞ்சினீயர்கள் அளவுக்குழாய்களில் செய்வார்கள். வீட்டில் ஒரே அளவான இரண்டு ஒடுங்கிய கண்ணாடிக் குழாய்களோ சீசாக்களோ போதும். முற்றத்தில் ஓரடி ஆழத்து மண்ணை எடுத்து, உலர்த்தி, பொடித்து, மெல்லிய துணியில் சலிக்கவேண்டும். நம் நெசவாளர் மருத்துவத் துணித் துண்டு ஒன்றை இதற்குக் கொடுத்து, "இதற்கும் உதவும் என்று இதுவரை தெரியாது" என்றார். சலித்த பொடியை இரண்டு குழாய்களிலும் சம அளவு போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, நன்றாகக் கலக்கி, காற்றுக் குமிழிகள் போனதும் ஒரு நாள் அசையாமல் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். மறுநாள் இரண்டு குழாய்களிலும் படிந்திருக்கும் மண்ணின் உயரத்தை ஒப்பிட வேண்டியதுதான். தண்ணீர்க் குழாயில் உயரம் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டு மடங்கை எட்டினால் அந்த மண்ணின் மேல் நேராக எதையும் போடலாகாது. அவர் முற்றத்து மண் இரண்டு மடங்கைக் கடந்து நின்றது. ராஜபாளையத்து மேற்குத் தோட்டம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த செம்மண் இரண்டு குழாயிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றது. இச்சோதனைக்கு ஆன செலவு ஓர் ஆழாக்கு மண்ணெண்ணெய். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு கடன் மிஞ்சியிருக்கும்.

தரையைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு நம் முன்னோர் களத்து மேட்டிலேயே பதில் வைத்திருந்தனர். இன்று அரசினர் கட்டித்தரும் உலர்களங்கள் வருமுன், களம் எப்படித் தயாராயிற்று? மேடான இடத்தைத் தேர்ந்தார்கள். மண்ணைக் கொத்தி, நீர் தெளித்து, ஒரு பதம் வரும்வரை காத்திருந்து, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்தார்கள். பிறகு கட்டையால் அடித்துச் சாணம் மெழுகினார்கள். மேடு, பதமான ஈரம், மிதி ஆகிய இம்மூன்றும் சேர்ந்த களத்தில் வண்டியும் மாடும் சுற்றினாலும் பள்ளம் விழாது. ஸ்காட்லாந்து தேசத்தில் 1756இல் பிறந்த மக்காடம் என்பவர், சாலைகளுக்குப் பெரிய அஸ்திவாரக் கற்கள் வேண்டுமென்று மற்றவர்கள் வாதித்த காலத்தில், சுமையைத் தாங்குவது கல்லன்று, அதன் கீழுள்ள இயற்கை மண்ணே என்றும், அதை உலர்ந்ததாக வைத்திருந்தால் எச்சுமையையும் தாங்கும் என்றும் சொன்னார். அவர் முறையில் மேலேயுள்ள ஜல்லியின் முக்கிய வேலை, கீழ்மண்ணுக்குக் கூரையாக இருந்து நீரை ஓரத்திற்கு வடித்துவிடுவது. களம் போட்ட நம் பாட்டன்மாருக்கு இந்தக் கொள்கை புதிதாக இருந்திருக்காது.

ஈரத்தின் பதத்தைக் கணக்கிட்டு வகுத்தவர் ரால்ப் பிராக்டர் என்ற அமெரிக்க எஞ்சினீயர். கலிபோர்னியாவில் மண் அணைகள் கட்டும் பணியில் கண்டறிந்ததை 1933இல் அவர் வெளியிட்டார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரம் உண்டு. அந்த ஈரத்தில் இடித்தால்தான் மிக நெருக்கமாக இறுகும். அதனினும் உலர்ந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நெருங்கமாட்டா. அதனினும் நனைந்திருந்தால் இடையிலுள்ள நீரே நெருங்கவிடாது. கையால் பார்க்கும் வழி இது: மண்ணை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், கை நனையக்கூடாது, இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டால் நாலைந்து துண்டாக உடையவேண்டும். தூளாய்ப் போனால் நீர் போதாது. அப்பளமாய் ஒட்டினால் நீர் அதிகம். குழாயைத் திறந்துவிட்டுக் குழியைக் குளமாக்கி, 'நன்றாகத் தண்ணீர் விட்டாயிற்று' என்று மறுநாள் கான்கிரீட்டு போடும் வழக்கத்தை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். செம்மண்ணில் அது வீண் வேலை. கரிசலில் அது கேடு.

இனி, வேலை எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு வருவோம். கரிசல் மனையாயின் முற்றத்தை ஒன்றரை அடி தோண்டவேண்டும். வேர், குப்பை, பழைய சுவரின் இடிபாடு எதுவும் கீழே இருக்கலாகாது. தோண்டிய குழியின் அடியையே தெருப் பக்கம் வாட்டமாக வெட்டவேண்டும். எப்படியோ உள்ளே புகுந்துவிட்ட நீரும் வீட்டுப் பக்கம் தேங்காதிருக்க இது அவசியம். தோண்டிய இடத்தில் நிரப்பவேண்டியது மணலன்று. உப்பாததும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பதுமான செம்மண் கலந்த கிராவல் வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கட்டி அவர்கள் 1970களில் கரிசல் நிலத்துக் கால்வாய்களுக்காக ஆராய்ந்து சொன்னதும் இத்தகைய மண்படுகையையே. கால்வாய்க்கு அவர் வைத்த கனம் வீட்டு முற்றத்திற்குத் தேவையில்லை. ஓரடிப் படுகை சாதாரண வண்டிகளுக்குப் போதுமானது. கிராவல் வாங்கும்போது நடைச்சீட்டுள்ள சரக்காகவே வாங்கவேண்டும். கண்மாய்க் கரையில் இரவில் அள்ளியது மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர், தம் ஊர்ப் பாசனத்தையே தம் முற்றத்தில் கொட்டுகிறார்கள்.

ஓரடிக் கிராவலையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் மேல் நான்கு அங்குலம்தான் இறுகும். கீழே உள்ளது இட்லி போல் கிடக்கும். ஆகவே கைத்திமிசு போடுவதாயின் நான்கு நான்கு அங்குலமாகவும், அதிர்வு இயந்திரம் வைப்பதாயின் ஆறு அங்குலமாகவும் பரப்பி, ஒவ்வொரு படுகையையும் பதம் பார்த்து இடித்த பிறகே அடுத்ததைப் பரப்பவேண்டும். இறுகிவிட்டதா என்று அறிய, குதிகாலை ஊன்றித் திரும்பினால் தடம் விழக்கூடாது. காலி வண்டியை ஏற்றி இறக்கினால் சக்கர வரி பதியக்கூடாது. பதிந்த இடத்தைக் கொத்தியெடுத்து மறுபடி இடிக்கவேண்டும். ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரின் வடம் பிடித்த அன்பர்களுக்கு இது தெரிந்த செய்தி. சக்கரம் பதிவது மேலே ஈரமான இடத்தில் அன்று, கீழே தோண்டிச் சரியாக மூடாத இடத்தில்.

அதிர்வு இயந்திரத்தின் வாடகை ஒரு முற்றத்திற்கென்று பார்த்தால் கனமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு நாள் வாடகைக்கு அது நாலைந்து முற்றங்களை இடித்து முடித்துவிடும். ஒரே தெருவில் நான்கு அங்கத்தினர் ஒரே வாரத்தில் குழி தோண்டித் தயாராக வைத்துக்கொண்டு, வாடகையையும் கிராவல் லாரியின் கூலியையும் பங்கிட்டுக்கொண்டால், தனியாகச் செய்ததைவிடச் சிறந்த வேலை தனியாகச் செய்ததைவிடக் குறைந்த செலவில் முடியும். நூலைச் சேர்ந்து வாங்கத் தெரிந்த நமக்கு ஜல்லியைச் சேர்ந்து வாங்கத் தெரியாதா என்ன!

கிராவல் கிடைக்காத இடத்தில் சுண்ணாம்பு கைகொடுக்கும். நன்கு நீற்றிய சுண்ணாம்புத் தூளை, உலர்த்திப் பொடித்த கரிசலில் எடைக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கலந்து, பதமாக நனைத்து இடித்தால், களியின் ஒட்டும் குணமும் உப்பும் குணமும் பெரிதும் அடங்கும். சாலைகளில் கையாளப்படும் முறை இது. ஆனால் கலவை சீராக இருக்கவேண்டும். அங்கொரு கூடை இங்கொரு கூடை தூவுவதில் பிரயோஜனமில்லை. கண்ணிலும் கையிலும் படாமல் காத்துக்கொள்வதும் அவசியம். சிறு முற்றத்திற்கு இவ்வளவு சிரமம் எதற்கு, கிராவலே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

கிராவலின் மேல் நான்கு அங்குல ஜல்லிப் படுகை. ஒன்றரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து இடைவெளி அடைபடும்படி இடித்தது. அதன் மேல்தான் கண்ணுக்குத் தெரியும் தரை. அது கான்கிரீட்டாகவும் இருக்கலாம், பேவர் கற்களாகவும் இருக்கலாம். கான்கிரீட்டாயின் காருக்கு நான்கு அங்குலம், சரக்கு வண்டிக்கும் டிராக்டருக்கும் ஐந்து அல்லது ஆறு. ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவையில், இருநூறு சதுர அடிக்கு ஐந்து அங்குலம் போட ஏறக்குறைய பத்தொன்பது மூட்டை சிமெண்டு ஆகும். சிமெண்டு நமக்கு அயலூர்ச் சரக்கன்று. 1960களின் தொடக்கத்திலிருந்து விருதுநகருக்கு அருகே ராமசாமி ராஜா நகரில் உற்பத்தியாகி வருகிறது. அருகில் கிடைக்கிறதென்று கூடுதலாகக் கொட்டியும் பயனில்லை. மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டருக்கு மேல் நீர் ஊற்றினால் கலவை வழவழப்பாக ஓடும், பூசுவோருக்குச் சௌகரியம்; ஆனால் நீர் ஏற ஏறப் பலம் குறையும் என்பது 1918இல் சிக்காகோவில் ஏப்ரம்ஸ் என்பவர் சோதித்து நிறுவிய விதி. கம்பி போடுவது வெடிப்பு அகலாமல் பிடித்துக்கொள்ளும். அடித்தளக் குறைக்கு அது பரிகாரமாகாது. எட்டு முதல் பத்தடிக்கு ஓரிடம், கனத்தில் கால்பங்கு ஆழத்திற்குக் கோடு வெட்டிவிட்டால், கான்கிரீட்டு சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் அந்தக் கோட்டில் வெடிக்கும். பிறகு களிமண் வரப்பால் பாத்தி கட்டிப் பத்து நாள் நீர் நிற்கவேண்டும். பாத்திக்கு நீர் பாய்ச்சுவதில் குடியானவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆயினும் வண்டியை நான்காம் நாளே உள்ளே கொண்டுவரும் அவசரம் குடியானவர்களுக்கும் உண்டு, நெசவாளர்களுக்கும் உண்டு. பாரமேற்றிய வண்டிக்கு இருபத்தெட்டு நாள் பொறுப்பதே நியாயம்.

பேவர் கற்களுக்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. கரிசல் என்றாவது அசைந்தால், கான்கிரீட்டு உடையும்; கற்களோ சற்று ஏறி இறங்கும். அவற்றைப் பெயர்த்துப் படுகையைச் சரிசெய்து அதே கற்களைத் திரும்ப அடுக்கலாம். காருக்கு 60 மில்லிமீட்டர் கனம், சரக்கு வண்டிக்கு 80. ஓரத்தில் கான்கிரீட்டு வரப்பு இல்லாவிட்டால் கற்கள் நாளடைவில் நகர்ந்து பல் விழுந்தாற்போல் ஆகிவிடும். இடுக்குகளின் வழியே நீர் இறங்குமாதலால், கீழேயுள்ள கிராவலின் மேற்பரப்பும் வாட்டமாக இருப்பது கரிசலில் மிக முக்கியம்.

வாட்டத்தைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். தறிக்குழியில் நீர் புகுந்தது அதனால்தானே? ஐம்பதடிக்கு ஓரடி அல்லது அறுபதடிக்கு ஓரடி என்ற கணக்கில், இருபதடி முற்றத்தில் வீட்டுப் பக்கத்தைவிடத் தெருப் பக்கம் நான்கு முதல் ஐந்து அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும். கண்ணால் பார்த்து 'வாட்டம் இருக்கிறது' என்று சொல்வதை நம்பலாகாது. தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை வைத்து அளக்கவேண்டும். வீட்டுச் சுவரோடு தரையை ஒட்டிப் போடாமல் அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதைத் தாரில் தோய்த்த அட்டை முதலியவற்றால் அடைக்கவேண்டும். தரை அசைந்தால் சுவரையும் இழுத்துக்கொண்டு அசையாதிருக்க இது உதவும். நீர்க்குழாய், மின்கம்பிக் குழாய் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பதித்துவிட வேண்டும். தரை போட்ட மறுமாதம் குழாய்க்காக அதை வெட்டாத வீடு நம் வட்டாரத்தில் அபூர்வம்! மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாயிற்று. அந்தக் குழியைச் செம்மண் மனையில் முற்றத்தருகே வைக்கலாம். கரிசல் மனையில் தரைக்கும் சுவருக்கும் எட்டியே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் உப்பும் மண்ணுக்கு நாமே நீர் ஊட்டியவர்களாவோம்.

தெரு வாறுகாலை அடைத்து அதன்மேல் சரிவு கட்டுவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம் வண்டி ஏறுவதற்காக வாறுகாலைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த நீர் எங்கே போகும்? மேல்வீட்டுக்காரரின் முற்றத்தில் நின்று அவருடைய அடித்தளத்தை நனைக்கும். அவரும் அங்கத்தினராகத்தான் இருப்பார். எடுத்துப் போடக்கூடிய பலகைக் கல்லோ இரும்புச் சட்டமோ வைத்தால் வண்டியும் ஏறும், வாறுகாலைத் தூர்வாரவும் முடியும்.

ராஜபாளையத்தின் மேற்கே, மாந்தோப்பை ஒட்டி வீடு கட்டியிருக்கும் ஓர் அங்கத்தினரின் அனுபவம் வேறு விதமானது. அவருடையது சரளை கலந்த செம்மண். ஒன்பது அங்குலம் தோண்டி, அடிமண்ணையே நனைத்து இடித்து, ஜல்லி பரப்பித் தரை போட்டார். மண் இம்மியும் அசையவில்லை. ஆனால் மலைப்பக்கத்திலிருந்து சரிந்துவரும் மழைநீர் தரையின் மேற்கு ஓரத்தில் மோதி, அடியிலுள்ள மண்ணை அரித்துச் சென்றது. டிராக்டரின் பின்சக்கரம் அந்த ஓரத்தில் ஏறியபோது ஒரு முழ அகலம் பிட்டுப்போலப் பெயர்ந்தது. அவர் தரையைத் தொடவில்லை. அதற்கு மேற்கே பத்தடி தள்ளிக் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் தென்னைகளுக்குத் திருப்பிவிட்டு, பெயர்ந்த ஓரத்தை மட்டும் கட்டினார். "தண்ணீரைத் திருப்பிவிட்டேன், மற்றதைத் தரையே பார்த்துக்கொள்கிறது" என்றார்.

இவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளரும் நம் மூலமாக அறிமுகமானவர்கள். நெசவாளர் தம் முற்றத்தைத் திரும்பத் தோண்டியபோது முந்நூறு கன அடி, அதாவது மூன்று யூனிட் கரிசல் வெளிவந்தது. அதை எங்கே கொட்டுவது என்று அவர் திகைத்திருக்கையில், மாந்தோப்புக்காரர் டிராக்டர் அனுப்பி அவ்வளவையும் எடுத்துச் சென்றார். நீர் பிடிக்காத சரளை மண்ணுக்கு வண்டலும் கரிசலும் அடிப்பது பழைய வழக்கம். வண்டிக் கூலியை இருவரும் பாதிப்பாதி ஏற்றுக்கொண்டனர்.

உடைத்த கான்கிரீட்டும் வீணாகவில்லை. நெசவாளரும் மகனும் மாலை வேளைகளில் உட்கார்ந்து அதைச் சம்மட்டியால் ஒன்றரை அங்குலமாக உடைத்தனர். ஜல்லிப் படுகைக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிட்டது. இரண்டரை யூனிட் கிராவல் வாங்கி மூன்று படுகையாக இடித்ததில் ஓரடியாக இறுகியது. மேலே ஓரங்குலம் கிரஷர் தூள், அதன்மேல் 80 மில்லிமீட்டர் பேவர் கற்கள். பழைய கடன் இன்னும் பாக்கியிருப்பதால் புதுக் கடன் கேட்க அவர் மனம் ஒப்பவில்லை. கற்களுக்கு மட்டும் சேமிப்பிலிருந்து எடுத்தார்.

இம்முறை நாம் ஒரு தடவையல்ல, நான்கு தடவை சென்றோம். குழி வெட்டியதும் ஒரு முறை, கிராவலின் இரண்டாம் படுகை இடித்ததும் ஒரு முறை, ஜல்லிப் படுகையின் மேல் மகன் வண்டியை ஏற்றிக் காட்டியபோது ஒரு முறை, கற்கள் பதித்து முடிந்ததும் ஒரு முறை. கடன் இல்லாத வேலைக்கு நம் கையொப்பம் தேவையில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் அளவுகளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். இப்போது நம் பையில் நாடாவோடு ஒரு மட்டக்குழாயும், நுனி கூராக்கிய அரை அங்குலக் கம்பி ஒன்றும் இருக்கின்றன. சங்கக் கடனில் தரை போடும் எவரும், மேல்தளம் போடுமுன் நமக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த கார்த்திகையில் அடைமழை பெய்த மறுநாள் காலை அவ்வழியே சென்றபோது அவர் வீட்டில் நுழைந்தோம். முற்றத்தில் குட்டி யானை நின்றிருந்தது. நீர் தெரு வாறுகாலில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று அழைத்தோம். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.